தேறலும் தேறுதலும்

நம் சங்கத்து இதழில் விஸ்கியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். பொங்கல் விழாவும், பிள்ளைகளின் பரிசளிப்பும், ஊர்க்கோயில் குடமுழுக்கும் இடம்பெறும் பக்கங்களில் குப்பிக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும், நம் இல்லங்களில் நாம் வாய்விட்டுப் பேசாத பொருள்களுள் முதலில் நிற்பது மதுதான். பேசாதிருப்பதனால் அது நம் வீட்டுப் படியேறாமல் நின்றுவிடவில்லை. காட்கோபரிலும் செம்பூரிலும் தாராவியிலும் அதனால் தாலியிழந்த பெண்களை நாம் அறிவோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில், அழகிய அட்டைக்கூட்டுக்குள் அதுவே அமர்ந்து வருவதையும் அறிவோம். ஒன்றை இழிவென்றும் மற்றொன்றை நாகரிகமென்றும் சொல்லிவிட்டு அதற்கு மேல் பேச மறுக்கிறோம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தால் என்ன என்னும் எண்ணத்தில் எழுந்தது இக்கட்டுரை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பூர்ப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் அதனுள் இருப்பது யாது என்று கேட்பதே என் பிழைப்பாக இருந்தது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆண்டில் ஓரிரு முறை, விருந்தினர் வந்த நாளில், ஒரு வாய் சுவைப்பதுண்டு. அவ்வளவே என் தகுதி.

தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் தேறல். யவனர் கொண்டுவந்து தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் அருந்தி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. வெளிநாட்டுச் சரக்கின்மேல் நமக்குள்ள ஆசை அவ்வளவு பழமையானது. அதே தமிழ் நிலம் திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. தேறல் என்னும் சொல் தேறு என்னும் வேரில் பிறந்தது. கலங்கியது தெளிதலும் தேறுதலே. ஐயத்தை ஆராய்ந்து முடிவு காண்பதும் தேறுதலே. மதுவின் பெயரிலேயே ஆராய்ச்சியும் அடங்கியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

சென்ற குளிர்காலத்தில் என் தங்கையின் மகன் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தான். வரும்போது ஒரு குப்பி ரை விஸ்கி கொண்டுவந்தான். அவன் வசிக்கும் ஊருக்கு அருகே பத்தாண்டுகளுக்குள் தொடங்கப்பெற்ற சிறிய வாலைச்சாலையில் வடித்தது அது. “மாமா, உங்கள் மூக்கு எப்படிப்பட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இதைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்” என்றான். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அந்தப் பரீட்சை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது.

ரை என்பது யாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமைக்கும் பார்லிக்கும் நெருங்கிய உறவான ஒரு தானியம் அது. கோதுமை விளையாத மெலிந்த மண்ணிலும், கொடுங்குளிரிலும் விளையக்கூடியது. ஜெர்மனியிலும் போலந்திலும் ருஷியாவிலும் ஏழை உழவர் உண்ட கறுப்பு ரொட்டி பெரும்பாலும் இதன் மாவினால் ஆனதே. நம் நாட்டில் கேழ்வரகுக்கு என்ன இடமோ, அந்நாடுகளில் ரைக்கு அவ்விடம் என்று கொள்ளலாம். பெரிய வீட்டு விருந்தில் காணப்படாது. ஆனால் பஞ்ச காலத்தில் உயிரைக் காத்து நிற்கும்.

இத்தானியம் அமெரிக்காவுக்குப் போனது பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களோடுதான். பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறிய ஜெர்மானியர் தங்கள் விதையைக் கொண்டு சென்றார்கள். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வழியினர் வாலை வடிக்கும் கையறிவைக் கொண்டு சென்றார்கள். இரண்டும் கூடிப் பிறந்தது ரை விஸ்கி. கரடுமுரடான மலைப்பாதையில் தானிய மூட்டைகளைச் சந்தைக்குச் சுமப்பதைவிட, அதையே வடித்துப் பீப்பாயில் அனுப்புவது எளிதாக இருந்தது. 1791-ஆம் ஆண்டு மத்திய அரசு இதன்மேல் வரி விதித்தபோது மேற்குப் பென்சில்வேனிய உழவர் கிளர்ந்தெழுந்தனர். 1794-இல் ஜனாதிபதி வாஷிங்டன் படை திரட்டி அவர்களை அடக்கினார். அதே வாஷிங்டன், பதவியிலிருந்து விலகிய 1797-ஆம் ஆண்டில், தம் பண்ணையின் மேலாளரான ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் யோசனைப்படி மவுண்ட் வெர்னனில் தாமே வாலைச்சாலை ஒன்றைத் தொடங்கினார். அங்கே 100 பங்கு தானியத்தில் 60 பங்கு ரை, 35 பங்கு மக்காச்சோளம், 5 பங்கு முளைகட்டிய பார்லி. 1799-இல் ஏறக்குறைய 11,000 காலன் வடித்தார்கள்.

அந்தச் செழிப்பு நெடுநாள் நீடித்தது. 1920 முதல் 1933 வரை அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது ரை வாலைச்சாலைகள் மூடுண்டன. விலக்கு நீங்கிய பிறகும் அவற்றுள் பல திறக்கவில்லை. மக்காச்சோளத்தில் ஆன பூர்பன் விஸ்கி முன்னே வந்துவிட்டது. இந்த நூற்றாண்டில்தான் ரை மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. நியூயார்க் மாநிலம் 2007-இல் பண்ணை வாலைச்சாலைகளுக்கென ஒரு சட்டம் இயற்றி, உள்ளூர்த் தானியத்தை வடிக்கும் சிறு முதலாளிகளுக்கு உரிமக் கட்டணத்தைக் குறைத்தது. அம்மாநிலத்தில் விளைந்த ரை 100-க்கு 75 பங்காவது இருக்க வேண்டும் என்று வாலைச்சாலைக்காரர்கள் தமக்குள் ஒரு விதியும் வகுத்துக்கொண்டார்கள். என் மருமகன் கொண்டுவந்த குப்பி அக்குடும்பத்தைச் சேர்ந்தது.

எங்கள் பரீட்சையில் முதற்பாடம் வாசிப்பு. மூடியைத் திருகுவதற்கு முன் ஒட்டியிருந்த சீட்டை மூக்குக்கண்ணாடி அணிந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். ரை 80 பங்கு, முளைகட்டிய பார்லி 20 பங்கு. சாராயச் செறிவு 45 சதவீதம். வயது 2 ஆண்டு. வடித்த ஊர் இன்னது. பீப்பாய் எண் இன்னது. இவை விளம்பரச் சொற்கள் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று எழுத வேண்டுமானால் 100-க்கு 51 பங்காவது ரை இருந்தே ஆக வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரெயிட் என்னும் சொல்லைச் சேர்த்தால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். சாயமோ வாசனையோ சேர்க்கக்கூடாது. நான்கு ஆண்டுக்குக் குறைந்ததானால் வயதையும் அச்சிட்டாக வேண்டும். இத்தனை விஷயங்களும் ஓர் உள்ளங்கை அகலக் காகிதத்தில் அடங்கியிருந்தன.

பிறகு நான்கு சிறிய கண்ணாடித் தம்ளர்களை எடுத்தோம். அடி அகன்று வாய் குறுகியிருப்பவை நல்லவை. மணம் சிதறாமல் கூடி நிற்கும். ஆளுக்கு 15 மில்லி. எங்களோடு கூட அமர்ந்தவர் அடுத்த வீட்டு அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது ஆண்டு மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். என் மனைவி மதுவைத் தொடுவதில்லை. ஆனால் அரை வீதி தள்ளிக் கடுகு கருகினாலும் அறியும் மூக்கு அவளுடையது. முகர்ந்து மட்டும் பார்க்கிறேன் என்று அவளும் ஒரு தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நிறம் புதுத் தேன் நிறம். தம்ளரை மூக்கினுள் திணித்துக்கொள்ளக்கூடாது. மோவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சிறிது திறந்து வைத்து மெல்ல முகர வேண்டும். இல்லையேல் சாராய நெடி மூக்கை மரக்கச் செய்துவிடும். விஸ்கியின் மணத்தை வருணிக்கும் ஆங்கிலப் புத்தகங்களை மருமகன் படித்திருந்தான். கம்பு ரொட்டி போன்ற ரை ரொட்டியின் வாசனை, ஏதோ ஒரு மேனாட்டுப் பழப் பணியாரத்தின் வாசனை என்று அவன் அடுக்கினான். நான் அப்பணியாரத்தை உண்டவன் அல்லன். ஆகவே எனக்கு அதனால் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது என் மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என்னங்க, இது பிரசவ லேகியம்தானே?” என்றாள்.

நாங்கள் மூவரும் மறுபடி முகர்ந்தோம். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. சுக்கு, மிளகு, ஓமம், கிராம்பு, பாகு முற்றிய வெல்லம், ஓரத்தில் நெய் காய்ந்த மணம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய லேகியச் சட்டி எங்கள் கூடத்தில் இருப்பதுபோல் தோன்றியது. இதற்கு ரசாயனக் காரணமும் உண்டு. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் என்னும் பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. மரத்தைக் கருக்கும்போது வெனிலாவின் மணமுள்ள வெனிலின் வெளிப்படுகிறது. மரத்தினுள் உள்ள சர்க்கரை கருகிப் பாகு மணம் தருகிறது. மிளகின் உறைப்பைப் போன்றதொரு காரம் ரைக்கு இயல்பு. அமெரிக்கப் பலகையும் ஐரோப்பியத் தானியமும் கூடி நம் வீட்டுச் சமையலறையை நினைவூட்டின. சுவைகளை வகுத்து அறுசுவை என்று பெயரிட்ட நாம், நம் நாக்கு அறிந்ததைச் சொல்ல இரவல் சொற்களைத் தேட வேண்டியதில்லை.

வாயில் வைத்தபோது முதலில் இனிப்பு. உடனே நாவின் நடுவில் கார்ப்பு. பின்பு பாக்கு மென்றாற்போன்ற துவர்ப்பு. இரண்டாம் முறை சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுவைத்தோம். தண்ணீர் விட்டால் விஸ்கி கெடும் என்பது வீண் பெருமை. சிறிது நீர் சேரும்போது மணம் தரும் பொருள்கள் மேற்பரப்பை நாடி வருகின்றன என்று 2017-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் கணினிக் கணக்கினால் காட்டினர். எங்கள் தம்ளரிலும் ஓமம் அடங்கி, ஆரஞ்சுத் தோலின் மணம் ஒன்று மெல்ல எழுந்தது.

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், “சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் மரம் இன்னும் அடங்கவில்லை, ஐயா. இழைப்புளி போட்ட அன்றைக்குப் பட்டறையில் நிற்கிறாற்போல் இருக்கிறது” என்றார். குறையை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். பெரிய வாலைச்சாலைகள் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய்களைப் பயன்படுத்துகின்றன. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பணவசதி இராது. ஆகையால் சிலர் சிறிய பீப்பாய்களை நாடுகின்றனர். பீப்பாய் சிறிதாக ஆக மரம் தொடும் பரப்பு மிகுதி. நிறமும் துவர்ப்பும் விரைவில் ஏறிவிடும். ஆனால் சாராயத்தின் முரட்டுத்தனம் அடங்குவதற்குக் காலம் ஒன்றே மருந்து. அந்த வாலைச்சாலையில் தான் பார்த்த பீப்பாய்கள் சிறியவையே என்று மருமகனும் ஒப்புக்கொண்டான்.

மதிப்பெண் இட்டேன். மணத்துக்கு ஐந்துக்கு நான்கு. சுவைக்கு மூன்று. விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு மூன்று. காரம் இனிதாக நின்றது, துவர்ப்புச் சற்று மிகுதி. சீட்டில் எழுதிய உண்மைக்கு ஐந்துக்கு ஐந்து. ஆக, இருபதுக்குப் பதினைந்து.

நான்காவது மதிப்பெண் எதற்கு என்று மருமகன் கேட்டான். அவன் படித்த புத்தகங்களில் அப்படி ஒரு பகுதி இல்லையாம். அவனுக்கு நான் சொன்ன விடையைத்தான் இங்கே அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நாக்கும் மூக்கும் எவ்வளவு கூர்மையாயினும் அவற்றால் அறிய முடியாத ஒன்று உண்டு. அதுதான் உயிரைக் கொல்வது. நாம் சாராயம் என்பது எத்தனால். அதற்கு மெத்தனால் என்றொரு தமையன் உண்டு. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. நிறத்தில் வேறுபாடு இல்லை. மணத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. இரண்டும் கலந்துவிட்டால் தேர்ந்த சோதனையாளனும் முகர்ந்து பிரித்தறிய முடியாது. குடித்தவனுக்கும் முதலில் வழக்கமான மயக்கமே தோன்றும். உடலினுள் சென்றபின் அது ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லி பார்வையைக் கெடுக்கப் போதும். 30 மில்லி உயிரைக் குடிக்கக்கூடும். தானியத்தையோ வெல்லத்தையோ ஊறல் போட்டு வடிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். ஊர் ஊராகச் சாவு விழுவது, காசுக்காகத் தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயம் என்று விற்பதனால் அல்லது சாராயத்தோடு கலப்பதனால்தான்.

காட்கோபருக்கு அடுத்த ரயில் நிலையம் விக்ரோலி. 2004 டிசம்பரில் அங்கே கள்ளச்சாராயம் குடித்து 87 பேர் மாண்டனர். அந்த நாள்களில் ஒரு மாலை, எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்த ஒருவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். விழுப்புரத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கணவர் முந்தின இரவு குடித்திருக்கிறார். காலையில் எழுந்தவர் கண்முன் பனிமூட்டமாய் இருக்கிறது என்கிறாராம். அப்பெண் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. “சார், நீங்கள் ரசாயனம் படித்தவர். முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள், இது அந்தச் சரக்குத்தானா?” என்றார்.

குப்பியில் சீட்டு இல்லை. வடித்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை, அளவு இல்லை. முகர்ந்தால் சாராயம் மணத்தது, அவ்வளவே. முகர்ந்து அறிய முடியாது, அம்மா, கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது என்று சொல்லி, இருவருமாக டாக்சி பிடித்து அம்மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குப்பியையும் டாக்டரிடமே கொடுத்தோம். அவர் பிழைத்தார். பார்வை முழுதும் திரும்பவில்லை. நான்கு மாதம் கழித்துக் குடும்பம் ஊருக்கே போய்விட்டது. அப்பெண் என் முன் நீட்டிய குப்பியையும், மருமகன் என் முன் வைத்த குப்பியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இதனுள் இருப்பது யாது, அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

பணமுள்ளவன் சுவைப்பதற்குக் குடிக்கிறான், ஏழை மயங்குவதற்குக் குடிக்கிறான் என்று வேற்றுமை சொல்வோர் உண்டு. நான் கண்ட வேற்றுமை வேறு. பணமுள்ளவன் கையில் உள்ள குப்பிக்குப் பேர், ஊர், வயது எல்லாம் இருக்கின்றன. அதன் பின்னே ஒரு சட்டமும், ஒரு பரிசோதகரும், வழக்குத் தொடுத்தால் பதில் சொல்ல ஒரு முதலாளியும் நிற்கின்றனர். ஆகவே அவன் நிம்மதியாக ஓமமா கிராம்பா என்று வாதாட முடிகிறது. கூலிக்காரன் கையில் உள்ள பிளாஸ்டிக் பைக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை.

இந்நகரில் இக்கதைக்கு நீண்ட வேர் உண்டு. மொரார்ஜி தேசாய் பம்பாய் மாகாணத்து உள்துறை அமைச்சராயிருந்தபோது 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. நோக்கம் உயர்ந்தது, அதை நான் குறை சொல்லேன். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு மறைவாகத் தாராவிச் சதுப்பு நிலத்திலும் பிற இடங்களிலும் ஊறல் பானைகள் புதைக்கப்பட்டன. சைக்கிள் டயர்க் குழாய்களில் சாராயம் ஊர்வலம் போயிற்று. பிழைப்புத் தேடி வந்த நம்மவர் சிலர் அத்தொழிலில் பணம் சேர்த்தனர். நம்மவர் பலர் அதில் உடலை அழித்துக்கொண்டனர். 1960-களில் விலக்குத் தளர்ந்தது. அச்சட்டத்தின் மிச்சமாக, மது அருந்த அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதி மகாராஷ்டிரத்தில் இன்றும் இருக்கிறது. கடையில் விற்கும் சரக்குக்குப் பரிசோதனை வந்தது. ஆனால் அதனினும் மலிவாகப் பின்சந்தில் கிடைப்பது ஒழியவில்லை. 2015 ஜூன் மாதத்தில் மலாட் மால்வணியில் 100-க்கு மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியாயினர்.

தாய்நாட்டு நிலையும் இதுவே. ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார். 1971-இல் விலக்கு நீக்கப்பட்டதும், பிறகு மீண்டதும், மீண்டும் நீங்கியதும் நாம் அறிந்த வரலாறு. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் வாணிபக் கழகமே நடத்துகிறது. தெருமுனையில் அரசுக் கடை இருந்தும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மூடினாலும் திறந்தாலும், கூலிக்காரன் கைக்கு எட்டும் விலையில் சீட்டில்லாத குப்பி ஒன்று வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது.

நம் நாட்டில் நல்ல விஸ்கி வடிக்கும் கை இல்லாமலில்லை. பெங்களூரில் 1948-இல் தொடங்கப்பெற்ற அம்ருத் வாலைச்சாலை, முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கியை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வைத்தே வெளியிட்டது. அந்நாட்டவர் முதலில் நகைத்தனர், பின்பு பாராட்டினர். முளைகட்டிய ரையிலும் அவர்கள் ஒரு விஸ்கி வடித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே நம் நாட்டில் நான்கைந்து ஆண்டிலேயே சரக்கு முதிர்ந்துவிடுகிறது. 2004 என்னும் அதே ஆண்டில் ஒரு புறம் கிளாஸ்கோவில் அப்புகழ்; மறுபுறம் விக்ரோலியில் 87 பிணங்கள். அறிவு நம்மிடம் இருக்கிறது. அதன் பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் குறை.

குடிக்காமலே இருப்பதல்லவா எல்லாவற்றினும் நலம் என்று அன்பர்கள் கேட்கலாம். ஐயமின்றி நலம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இருபதுக்குப் பதினைந்து வாங்கிய அந்த ரை விஸ்கியும் ஈரலுக்கு நண்பன் அன்று. நம் பிள்ளைகள் அதைத் தொடாதிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தொடுபவர் தொடத்தான் செய்கிறார்கள். அவர்களோடு பேசாமலிருப்பது அறமாகாது. வீட்டுக்கு வரும் பிள்ளையின் பெட்டியில் குப்பி இருந்தால் ஒளித்து வைக்கச் சொல்லாமல், எடுத்து வைத்து அதன் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கொரு முறை என்று கேளுங்கள். ஒளிவில் குடிப்பவன் அளவை இழக்கிறான்; பெரியவர் முன் அமர்ந்து 15 மில்லியை அரைமணி நேரம் ஆராய்பவன் இரண்டாவது தம்ளருக்குக் கைநீட்டுவதில்லை. எங்கள் வீட்டில் அன்று மருமகனும் நீட்டவில்லை.

வேலைக்காக நம் வீட்டுக்கு வருபவர்களிடமும், நம் சங்கத்து உதவியை நாடி வரும் புதிய குடும்பங்களிடமும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. சீட்டில்லாத சாராயத்தைத் தொடக்கூடாது. எரித்துப் பார்த்தால் நீலச்சுடர் வந்தால் நல்லது என்பதும், முகர்ந்தால் தெரியும் என்பதும் பொய். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சு இரைப்பு, கண்முன் பனிமூட்டம் தோன்றினால் அது வெறும் மயக்கத் தெளிவு அன்று. தூங்க வைத்துவிட்டால் சரியாகும் என்று விட்டுவிடலாகாது. காட்கோபர் கிழக்கில் ராஜாவாடி மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் கொண்டு செல்லுங்கள். போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மாற்று மருந்து உண்டு. நேரத்தில் சேர்ந்தால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். மிச்சமிருக்கும் குப்பியைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதனுள் இருப்பது யாது என்று சோதனைக்கூடம் சொல்லும்.

மருமகன் ஊருக்குத் திரும்பும்போது அந்த வாலைச்சாலைக்காரருக்கு ஏதேனும் செய்தி உண்டா என்று கேட்டான். தானியத்தின் பெயரை நீர் காத்திருக்கிறீர், பெரிய பீப்பாயில் இன்னும் மூன்று ஆண்டு பொறுத்திரும் என்று எழுதச் சொன்னேன். பிரசவ லேகியம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. என் மனைவி சுக்கும் மிளகும் ஓமமும் தனித்தனியே பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயரெழுதி, அவன் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.